கண்ணாடி இழையில் செல்லும் ஒளி

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு, இணையம் இன்று பாடநூலைப் போன்ற தேவையாகிவிட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது இவ்வுண்மை ஐயமற விளங்கிற்று. இணையச் செய்திகளை நெடுந்தூரம் சுமந்து வருவது கண்ணாடி இழையாகும். அது தொழிற்படும் முறையை ஆசிரியர்கள் அறிந்திருப்பது நன்று.

ஒளி நேர்க்கோட்டில் செல்லும் என்பது பள்ளிப் பாடம். அவ்வாறாயின் வளைந்து கிடக்கும் இழைக்குள் அது செல்வது எங்ஙனம்? கண்ணாடியிலிருந்து காற்றை நோக்கிச் செல்லும் ஒளி, எல்லைப் பரப்பில் நேராக விழுந்தால் பெரும்பகுதி வெளியேறிவிடும். மிகவும் சாய்ந்து விழுந்தால் சிறிதும் வெளியேறாமல் உள்ளேயே திரும்பிவிடும். இதனை முழு அகப் பிரதிபலிப்பு என்பர். 1841இல் ஜெனீவா நகரில் கொலாடன் என்னும் விஞ்ஞானி, வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளியைச் செலுத்தி இதனைக் காட்டினார். பக்கத்தில் துளையிட்ட நீர்ப்புட்டியும் கைவிளக்கும் இருந்தால், இருட்டறையில் மாணவர்க்கும் இதனைச் செய்து காட்டலாம்.

இழையிலும் இதுவே நிகழ்கிறது. நடுவில் ஒளி செல்லும் கண்ணாடி. அதனைச் சுற்றி, ஒளியைச் சற்றுக் குறைவாக வளைக்கும் வேறொரு கண்ணாடி உறை. இரண்டும் சேர்ந்த விட்டம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கே.

எழுத்து ஒளியாவது எப்படி? கணினி ஒவ்வோர் எழுத்தையும் எண்ணாகக் கொள்கிறது. ஒருங்குறி முறையில் ‘அ’ என்பதன் எண் 2949. ஒன்றும் சுழியும் மட்டுமே கொண்டு எழுதினால் அது 101110000101 ஆகும். ஒன்றுக்கு ஒளி, சுழிக்கு இருள் எனக் கொள்வதே அடிப்படை முறை. ஒரு நொடியில் இத்தகைய குறிகள் பல நூறு கோடி செல்கின்றன.

எனினும் நெடுங்காலம் ஒரு தடை இருந்தது. சன்னல் கண்ணாடியின் விளிம்பை நோக்கினால் பசுமை தோன்றும். அதிலுள்ள இரும்பு மாசு ஒளியை விழுங்குவதே காரணம். மாசு நீக்கினால் கண்ணாடி வழியே நெடுந்தூரம் செய்தி அனுப்பலாம் என்று 1966இல் சார்லஸ் காவ், ஹாக்கம் ஆகிய இருவரும் எடுத்துரைத்தனர். ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலே போதும் என்பது அவர்கள் கணக்கு. 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அவ்வளவையும் கடந்த இழையை உருவாக்கியது. காவ் 2009இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய நல்ல இழையில் 15 கிலோமீட்டர் சென்ற பின்னும் பாதி ஒளி எஞ்சுகிறது. சிரம்பானில் புறப்படும் ஒளி, சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போர்ட்டிக்சனை அடையும்போதும் நான்கில் ஒரு பங்கு மிஞ்சும்.

ஆகவே தொலைவு இன்று விஞ்ஞானத்திற்குத் தடையன்று. இடர்ப்பாடு கடைசி ஓரிரு கிலோமீட்டரில்தான் உள்ளது. நகரில் ஒரு தெருவைத் தோண்டினால் நூறு வீடுகளுக்கு இணைப்புத் தரலாம். தோட்டத்திலோ, சில வீடுகளுக்காக நெடுந்தூரம் தோண்ட வேண்டும். நிலமும் நிறுவனத்தின் உடைமையாதலால் அதன் இசைவும் வேண்டும். 2020இல் மலேசிய அரசு அறிவித்த ஜெண்டேலா திட்டம், இழை இணைப்புகளையும் கைப்பேசிச் சேவையையும் பெருக்க வகுக்கப்பட்டது. எனினும் கைப்பேசிக் கோபுரத்தின் அலை மரங்களாலும் மேடுகளாலும் நலிவுறும். அதனைப் பலர் பகிர்ந்தும் கொள்ள வேண்டும். இழைக்கு இக்குறைகள் குறைவு.

கண்ணாடியின் மாசை விஞ்ஞானிகள் நீக்கிவிட்டனர். பெருவழி வரை வந்த ஒளியைத் தோட்டத்து வீட்டு வாசல்வரை கொண்டு சேர்ப்பது அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டிய பணி. அதனைத் தெளிவுறக் கேட்டுப் பெறுவதற்கு, அது இன்னதென அறிந்த மக்கள் வேண்டும். அவ்வறிவை ஊட்டும் இடம் பள்ளிக்கூடமே.