புயல் வராத தனுஷ்கோடி

பொம்மை ரயில் ஓட்ட வீட்டில் இடம் ஏது என்கிறீர்களா? எங்கள் வீட்டிலும் இல்லைதான்! ஆனால் நாலடிக்கு இரண்டடிப் பழைய பலகை ஒன்றில் என் மாமனாரும் பன்னிரண்டு வயது மகனும் ஓர் ஊரையே கட்டிவிட்டார்கள். எடுபிடி வேலை என்னுடையது.

ஊர் தனுஷ்கோடி. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் அதுவரை ரயில் போனது. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். 'போட் மெயில்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த 653-ம் நம்பர் பாசஞ்சர் வண்டியைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது.

எங்கள் பலகையில் மட்டும் அந்தப் புயல் வரவேயில்லை. வருஷம் 1975. கற்பனை அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் அதற்குப் பொருந்தணும். அதனால் மீட்டர் கேஜ், நீராவி இன்ஜின். மகன் மூணு மாடி ஹோட்டல் கேட்டான். "மணல் திட்டுடா அது" என்று தாத்தா மறுத்துவிட்டார்.

அவர் அந்த ஊர்ப் பிள்ளை. அப்போது ஒன்பது வயது. நான் வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் அந்த ராத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது ஸ்டேஷன், தபாலாபீஸ், மாதா கோவில் என்று காகிதத்தில் வரைந்துகொண்டே போனார். "தாத்தா, அந்த 653 வேண்டாமா?" என்று பையன் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. கொஞ்ச நேரம் பேசவில்லை. "வைடா. இங்கேயாவது வந்து சேரட்டும்" என்றார்.

செய்முறைக்கு வருவோம். ஒன்பது மில்லிமீட்டர் தண்டவாளம் வாங்கினால் இரண்டடி அகலத்திலேயே வளைந்து திரும்பும். வட்டத்தின் பின்பாதியை வானம் தீட்டிய அட்டையால் மறையுங்கள். வண்டி 'பாம்பன்' போய்த் திரும்புவதாக அர்த்தம்! இன்ஜினும் பெட்டிகளும் கடைச் சரக்கு. பெயின்ட் மட்டும் எங்களுடையது. வீடுகள் சத்துமாவு டப்பா அட்டை, கூரைக்கு ஈர்க்குச்சி.

மணலை அலசிக் காயவைத்து, மாவு சல்லடையில் சலித்து, காந்தத்தால் ஒருமுறை துழாவுங்கள். இரும்புத்தூள் இருந்தால் மோட்டாருக்குள் போய்விடும். ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்து மணல் மேல் சொட்டுவிட்டால் இறுகிவிடும். தண்டவாளத்தின் மேல்பக்கம் பசை படக்கூடாது. பட்டால் கரன்ட் பாயாது.

கைக்குழந்தை உள்ள வீடா? காந்தத்தையும் குட்டிச் சாமான்களையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். காந்தத்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

வேலை முடிந்ததும் பழைய வாயில் புடவையால் மூடிக் கட்டிலடியில் தள்ளிவிடுவேன். சாயங்காலம் ஆனால் மாமாவே இழுத்து வைத்துக்கொள்கிறார்.