செல்லின் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கும் திசுவின் இறுக்கம்

கல்லீரல் நோயாளிகளுக்குச் செய்யப்படும் ஃபைப்ரோஸ்கேன் பரிசோதனையின் அறிக்கையில், கிலோ பாஸ்கல் என்ற அலகில் ஓர் எண் இடம்பெறும். கல்லீரல் எந்த அளவுக்கு இறுகியுள்ளது என்பதைக் காட்டும் அளவு அது. நலமான கல்லீரலில் பொதுவாக 7-க்குள் இருக்கும் இந்த எண் 12 அல்லது 13-ஐக் கடந்தால், சிரோசிஸ் பாதிப்பு இருக்கலாம் என மருத்துவர்கள் கருதுகின்றனர். இறுக்கம் என்பது நோய் விட்டுச்சென்ற தழும்பின் அடையாளம் மட்டுமன்று. தன்னைச் சூழ்ந்துள்ள பொருள் இளகியதா, இறுகியதா என்பதைப் பொறுத்தே பல வகைச் செல்கள் பிழைக்கின்றன அல்லது மடிகின்றன.

செல்லுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. இழுத்துப் பார்த்தே அது தன் சூழலை அறிகிறது. அதன் மேற்பரப்பில் உள்ள இன்டெக்ரின் புரதங்கள், வெளியே உள்ள கொலாஜன் போன்ற இழைகளைப் பற்றிக்கொள்கின்றன. உள்ளிருந்து மயோசின் புரதம் அந்தப் பிடியை இழுக்கிறது. கன்றைக் கட்டும் முளையைப் போன்றதே இது. கெட்டியான நிலத்தில் அறைந்த முளை என்றால் கயிறு விறைக்கும்; சேற்றில் நட்டதென்றால் முளையே பெயர்ந்து வரும். கயிறு விறைத்தால், உயிர்வாழவும் பெருகவும் தூண்டும் வேதிச் சமிக்ஞைகள் செல்லுக்குள் பரவும். விறைக்காவிட்டால் அவை மங்கி, அப்போப்டோசிஸ் எனப்படும் திட்டமிட்ட தன்னழிவு தொடங்கக்கூடும்.

இதனை 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி யூ-லி வாங்கும் அவரது சகாக்களும் எளிய சோதனை ஒன்றால் நிறுவினர். வேதியியல் வகையில் ஒன்றுபோலவே இருந்து, இறுக்கத்தில் மட்டும் வேறுபட்ட ஜெல் தளங்களில் எலியின் இணைப்புத் திசுச் செல்களை அவர்கள் வளர்த்தனர். இளகிய தளத்தில் செல்கள் பெருகுவது குறைந்தது, தன்னழிவு அதிகரித்தது. ஆனால், ராஸ் என்னும் புற்றுநோய் மரபணுவால் மாற்றப்பட்ட செல்களிடம் இந்த வேறுபாடு காணப்படவில்லை. தளம் எப்படியிருந்தாலும் அவை பெருகின.

உடலின் ஒழுங்கைக் காக்கும் ஏற்பாடாகவே இதைக் கொள்ள வேண்டும். தனக்குரிய இடத்தை விட்டு விலகிப் பற்றுக்கோடு இழந்த செல் அழிந்துவிட வேண்டும் என்பது விதி. அவ்விதிக்குக் கட்டுப்படாததாலேயே புற்றுநோய்ச் செல்லால் வேறு உறுப்புகளிலும் குடியேற முடிகிறது.

சூழல் இறுகும்போது மருந்தே நஞ்சாவதும் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட முடிவு இதற்குச் சான்று. டிஜிஎஃப்-பீட்டா என்னும் சமிக்ஞைப் புரதம், இளகிய தளத்தில் இருந்த செல்களை மடியச் செய்தது. இறுகிய தளத்தில் அதே புரதம், அவற்றை இடம்பெயரும் இயல்புடைய செல்களாக உருமாற்றியது.

தழும்பு நோயிலும் இதுவே சிக்கல். காயம் ஆறியதும் மடிய வேண்டிய மயோஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், இறுகிய திசுவில் மடியாமல் தங்கி மேலும் கொலாஜனைச் சுரக்கின்றன. அதனால் திசு மேலும் இறுகுகிறது.

அதற்காக, இறுக்கம் கூடினால் எல்லாச் செல்களும் செழிக்கும் என்று எண்ணலாகாது. ஆய்வகப் பிளாஸ்டிக் தட்டின் இறுக்கம் ஏறத்தாழ 10 லட்சம் கிலோ பாஸ்கல். அதில் தசை ஸ்டெம் செல்கள் தங்கள் திறனை இழக்கின்றன. தசையை ஒத்த 12 கிலோ பாஸ்கல் ஜெல்லில் அவை தம்மைப் புதுப்பித்துக்கொள்வதை ஸ்டான்ஃபோர்டு குழு 2010-இல் காட்டியது. ஸ்டெம் செல் எவ்வகைச் செல்லாக மாறும் என்பதையும் தளத்தின் இறுக்கம் வழிநடத்துகிறது என்பதை 2006-இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு உணர்த்தியது. பின்னர் மும்பை ஐஐடி பேராசிரியரான ஷமிக் சென் அதன் ஆசிரியர்களுள் ஒருவர்.

இறுக்கத்தையே குறிவைத்த சிகிச்சை இன்னும் எளிதாகக் கைகூடவில்லை. கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் நொதியைத் தடுக்க உருவாக்கப்பட்ட சிம்டுசுமாப் மருந்து, நுரையீரல், கல்லீரல் தழும்பு நோய்களுக்கான பரிசோதனைகளில் பலனளிக்கவில்லை. மாறாக, மூலகாரணத்தை அகற்றுவது பலன் தருகிறது. ஹெபடைடிஸ் சி வைரஸ் முற்றிலும் நீங்கியவர்களிலும் மதுவைக் கைவிட்டவர்களிலும் கிலோ பாஸ்கல் எண் படிப்படியாகக் குறைவது பதிவாகியுள்ளது.