லெஜியோனெல்லா நீர் மாதிரிச் சோதனை

லெஜியோனெல்லா நீர் மாதிரிச் சோதனை என்பது கட்டடங்களின் நீர் அமைப்பில், கடும் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா உள்ளதா எனக் கண்டறியும் முறையாகும். 1976 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டிற்குச் சென்றவர்களில் பலர் இந்நோயால் இறந்தனர். அடுத்த ஆண்டு இப்பாக்டீரியா அடையாளம் காணப்பட்டது.

இது வெதுவெதுப்பான, தேங்கிய நீரில் பெருகி, நுண்ணிய நீர்த்திவலைகள் வழியாக மூச்சில் கலக்கிறது. ஆகவே குளிர்விப்புக் கோபுரம், வெந்நீர்த் தொட்டி, ஷவர் ஆகியவற்றிலிருந்து மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. குழாயைத் திறந்ததும் வரும் முதல் நீர் குழாய் முனையின் நிலையையும், சிறிது நேரம் ஓடவிட்டு எடுக்கும் நீர் உள் அமைப்பின் நிலையையும் காட்டும்.

மாதிரிப் புட்டியில் சோடியம் தயோசல்பேட்டு முன்பே இடப்படும். இது நீரிலுள்ள குளோரினைச் செயலிழக்கச் செய்கிறது. இல்லையெனில், ஆய்வகத்தை அடையும் முன்பே குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். ஆபத்தான நீரும் பாதுகாப்பானதாகத் தோன்றும்.