ஒரே கழிவு, மூன்று முறை

பழைய நகையை விற்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு கடைப்படி ஏறுகிறார்கள்: அன்றைய தங்க விலை. காலையில் பார்த்த கிராம் விலையை நகையின் எடையால் பெருக்கி, வரப்போகும் பணத்துக்குச் செலவையும் பிரித்துவிடுகிறார்கள். கடையில் சொல்லும் தொகை அதைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். கேட்டால், 'பழைய நகை என்றால் அப்படித்தான்' என்று பதில் வரும். இந்தப் பதிலை ஏற்கத் தேவையில்லை. தங்கம் துருப்பிடிப்பதில்லை, நூறு ஆண்டு பெட்டிக்குள் கிடந்தாலும் அதன் தரம் இறங்குவதில்லை. நகையின் மொத்த எடைக்கும் கையில் வரும் பணத்துக்கும் இடையே குறைவு ஏற்பட நியாயமான காரணங்கள் உண்டு. கல் இருக்கிறது, அரக்கு இருக்கிறது, பற்றவைத்த பொடி இருக்கிறது, கடைக்காரரின் லாபமும் இருக்கிறது. அவற்றைக் கழிப்பதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் கழிக்க வேண்டும். ஒரே குறையைப் பெயர் மாற்றி மாற்றிக் கழிக்கும்போதுதான் விற்பவர் ஏமாறுகிறார். கணக்கு ஒரே மொத்தத் தொகையாகச் சொல்லப்படும்வரை அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

விலை மூன்று எண்களின் பெருக்கல். முதலாவது நிகர எடை: கல், முத்து, அரக்கு, தாலிக்கொடியின் நூல் எல்லாம் நீங்கிய உலோகத்தின் எடை. இரண்டாவது தரம். கடைகளில் இதை 'டச்' என்பார்கள். நூறு பங்கு உலோகத்தில் சுத்தத் தங்கம் எத்தனை பங்கு என்பதே அது. 22 கேரட் என்றால் 91.6 டச், 18 கேரட் என்றால் 75. மூன்றாவது விலை. கடைப் பலகையில் காணும் 'ஆபரணத் தங்கம்' விலை 22 கேரட்டுக்கு உரியது. ஆகவே உங்கள் நகையை அந்த விலையால் பெருக்கும் முன், அதிலுள்ள சுத்தத் தங்கம் எத்தனை கிராம் 22 கேரட்டுக்குச் சமம் என்று பார்க்க வேண்டும். நிகர எடையை டச்சால் பெருக்கி 91.6 ஆல் வகுத்தால் விடை வந்துவிடும். கைப்பேசியில் அரை நிமிட வேலை.

ஆறு பவுன், அதாவது 48 கிராம் எடையுள்ள ஓர் அட்டிகையை எடுத்துக்கொள்வோம். கல்லும் அரக்கும் 3 கிராம். நிகர எடை 45 கிராம். பத்தரிடம் கொடுத்துச் செய்த பழைய நகை, பல இடங்களில் பொடி வைத்து ஊதியது. அதனால் டச் 88 என்று வைப்போம். சுத்தத் தங்கம் 39.6 கிராம், 22 கேரட் கணக்கில் 43.23 கிராம். கணக்கு எளிதாக இருக்க, கிராம் விலை 10,000 ரூபாய் என்று கொண்டால் இதன் மதிப்பு சுமார் 4,32,300 ரூபாய். கடைக்காரர் தம் லாபத்துக்காக விலையில் 3 விழுக்காடு குறைத்து 9,700 என்று போட்டால் 4,19,300 வரும். இதுவரை எல்லாம் சரி. இப்போது அதே நகைக்கு வேறொரு கணக்கு. 'பழைய வேலைப்பாடு, பொடி அதிகம்' என்று 45 கிராமில் 5 விழுக்காடு கழிவு போடுகிறார்கள், எடை 42.75 கிராம் ஆகிறது. அதன்மேல் 88 டச். அதன்மேல் 9,700 ரூபாய் விலை. கையில் வருவது 3,98,400 ரூபாய் அளவுதான். ஏறத்தாழ 21,000 ரூபாய் எங்கே போயிற்று? டச் 91.6 இல்லாமல் 88 ஆக இறங்கியதற்கே பொடிதான் காரணம். டச்சில் ஒருமுறை கழித்த அதே பொடியை எடையிலும் ஒருமுறை கழித்துவிட்டார்கள். மூன்றாம் முறையாக, 'பழைய தங்கத்துக்கு விலை குறைவு' என்று அதே காரணத்தைச் சொல்லி விலையையும் இன்னும் இறக்குவதுண்டு. ஒவ்வொரு கழிவும் தனியாகக் கேட்கும்போது நியாயமாகவே ஒலிக்கும். மூன்றையும் ஒரே தாளில் எழுதினால்தான் குட்டு வெளிப்படும்.

நகையை உருக்கிப் பார்க்கும் இடத்தில் இந்தத் தவறு இன்னும் நுட்பமாக நடக்கிறது. உருக்கியதும் எடை குறையும், அது இயல்பு. ஆனால் குறைவது எது? தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும். ஆவியாக அதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலான வெப்பம் வேண்டும். மூசையில் எரிந்து போவது அழுக்கு, அரக்கு, பொடியில் கலந்த துத்தநாகம், காட்மியம் போன்றவை. செம்பிலும் கொஞ்சம் கருகிக் கழியும். உலோகக் கலப்பு கழியும்போது எஞ்சிய கட்டியின் டச் ஏறும். 45 கிராம் நகை உருகி 44.4 கிராம் கட்டியானால், கழிந்தது கலப்பு மட்டும் என்றால், உள்ளே தங்கம் அதே 39.6 கிராம்தான், டச் 88 இலிருந்து 89.2 ஆகியிருக்கும். குறைந்த எடையை உருக்கிய பிறகும், குறைந்த டச்சை உருக்கும் முன்பும் எடுத்தால், அரை கிராமுக்கு மேல் சுத்தத் தங்கம் காற்றில் கரைந்துவிடும். எடையும் டச்சும் இரண்டுமே உருக்கிய கட்டியிலிருந்து வர வேண்டும், அல்லது இரண்டுமே உருக்காத நகையிலிருந்து வர வேண்டும். ஒன்றை இங்கிருந்தும் மற்றதை அங்கிருந்தும் எடுக்க விடாதீர்கள். மூசையின் அடியிலும் ஓரத்திலும் மணி மணியாக ஒட்டியிருப்பதும் உங்கள் தங்கம்தான். அதையும் தட்டி எடுத்துக் கட்டியோடு சேர்த்து நிறுக்கச் சொல்லுங்கள்.

'கேரட் மீட்டர் பொய் சொல்லாது, பிறகென்ன?' என்று கேட்கலாம். அந்த எக்ஸ் கதிர்க் கருவி தான் பார்ப்பதைச் சரியாகவே சொல்கிறது. ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பை, ஒரு முடியின் தடிப்பைவிட மெல்லிய அடுக்கை மட்டும். பற்றவைத்த இணைப்பின் மேல் வைத்தால் டச் குறைவாகவும், மெருகிட்ட இடத்தில் வைத்தால் கூடுதலாகவும் காட்டும். சங்கிலியின் கொக்கியில் ஒரே இடத்தில் வைத்துவிட்டு முழு நகைக்கும் அதே டச் என்று முடிவுகட்டுவது முறையல்ல. கண்ணியில், முகப்பில், பின்புறத்தில் என நாலைந்து இடங்களில் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்வதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

இதைவிட நல்ல வழி, வாங்கப்போகிறவரின் கருவியை நம்பாமல் முன்கூட்டியே வேறிடத்தில் தரம் பார்த்துக்கொள்வது. இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ் அங்கீகரித்த ஹால்மார்க் மையங்களில் பொதுமக்களும் தங்கள் நகையைச் சோதித்து அறிக்கை பெறலாம். 2022-இல் அரசு இதை அறிவித்தபோது நான்கு உருப்படிகள் வரை 200 ரூபாய், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் உருப்படிக்கு 45 ரூபாய் என்று கட்டணம் வைத்தது. மேலே சொன்ன அட்டிகையில் ஒரு டச் வித்தியாசமே ஏறத்தாழ 4,900 ரூபாய் என்பதை நினைத்தால் இந்தச் செலவு ஒன்றுமில்லை. நகையில் ஏற்கெனவே ஹால்மார்க் இருந்தால் வேலை இன்னும் எளிது. 2021 ஜூலையிலிருந்து ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஹெச்யுஐடி குறியீடு வந்துவிட்டது. பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் நகையின் தரம் தெரியும். அந்த முத்திரை இல்லாத பழைய நகையைக் கடைக்கு விற்கவே கூடாது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். கட்டாயம் என்பது கடைக்காரர் உங்களுக்கு விற்கும் நகைக்குத்தான். வீட்டு நகையை நீங்கள் விற்க முத்திரை தேவையில்லை. 'முத்திரை இல்லை' என்பதற்காகத் தனிக் கழிவும் கூடாது. தரம் தெரியவில்லை என்றால் சோதித்தால் போயிற்று.

கடைக்காரருக்கும் செலவு இல்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்டு. சுத்திகரிக்க வேண்டும், பணம் முடங்கும், விலை நாளைக்கே இறங்கலாம். அதற்காகப் பலகை விலையில் சில விழுக்காடு குறைத்து வாங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது விலையில் தெரிய வேண்டும், எடையில் ஒளியக் கூடாது. விலையில் தெரிந்தால் நாலு கடையில் ஒப்பிடலாம். போட்டி அதைச் சரிசெய்யும். எடையிலும் டச்சிலும் ஒளிந்தால் எந்தப் போட்டியும் அதைத் தொடாது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பழைய தங்கம் கடைக்குக் கழிசடை அல்ல, மூலப்பொருள். பலகை விலைக்குள் இறக்குமதி வரியும் அடங்கியிருக்கிறது. 2024 ஜூலையில் அது 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. உங்கள் நகை கப்பலிலோ விமானத்திலோ வரவில்லை, ஆனாலும் உருக்கிச் செய்த புது நகை அதே பலகை விலைக்குத்தான் விற்கும். தனிநபர் தம் சொந்த நகையைக் கடைக்கு விற்றால் அதற்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2017-இலேயே அரசு விளக்கிவிட்டது. ஆகவே ஜிஎஸ்டி என்ற பெயரில் ஒரு வரி எழுதிக் கழித்தால், அந்த வரியை அங்கேயே அடிக்கச் சொல்லலாம்.

'மாற்றிக்கொண்டால் கழிவே இல்லை' என்ற விளம்பரத்தையும் இதே தராசில் நிறுக்க வேண்டும். பழையதற்கு முழு விலை கொடுத்துவிட்டுப் புதியதில் சேதாரத்தை நாலு விழுக்காடு ஏற்றினால் கடைக்கு நட்டமில்லை. பழைய நகையின் தொகையை எழுதி வாங்கும்வரை புதிய நகை எதையும் கழுத்தில் வைத்துப் பார்க்காமல் இருப்பது உத்தமம். இரண்டு பேரமும் ஒன்றாகக் கலந்துவிட்டால் எதில் இழந்தோம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

காசுகளில் சறுக்கும் இடம் வேறு. வங்கியிலோ நகைக்கடையிலோ வாங்கிய 24 கேரட் நாணயத்தை நகையோடு சேர்த்துத் தட்டில் போட்டு, 22 கேரட் விலையைப் போடுவதுண்டு. 10 கிராம் 24 கேரட் காசு என்பது 22 கேரட்டில் 10.9 கிராமுக்குச் சமம், அந்த 0.9 கிராம் கேட்காதவர்களுக்குக் கிடைப்பதில்லை. விற்ற வங்கியே திரும்ப வாங்காது, ரிசர்வ் வங்கி அதற்கு அனுமதிப்பதில்லை. எனவே உறையைப் பிரிக்காமலும் ரசீதைத் தொலைக்காமலும் வைத்திருந்தால்தான் கடையில் வாதாட முடியும். காசு மாலையில் கோத்த பழைய ராணி தலை, ராஜா தலைக் காசுகள் அசல் ஆங்கிலேயப் பவுனாக இருந்தால், ஒவ்வொன்றும் 7.99 கிராம் எடையும் 22 கேரட் தரமும் உள்ளவை. சுத்தத் தங்கம் 7.32 கிராம். தேய்ந்தால் எடை குறையும், தரம் குறையாது. அவற்றை மாலையோடு சேர்த்து ஒரே டச் போட விடாமல் தனியே நிறுக்கச் சொல்ல வேண்டும். பொடி இருப்பது கோப்பதற்காகப் பற்றவைத்த காதுவளையத்தில்தான், காசில் இல்லை. விஜயநகர வராகன் போன்றவை வீட்டில் இருந்தால் அவை தங்கக் கணக்குக்கே உரியவை அல்ல. அவற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்காமல் நாணயவியல் அறிந்தவரிடம் காட்டுங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது என்றால் விற்கும் பேச்சே இல்லை, புதையல் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. மருத்துவமனைக்குப் பணம் கட்ட வேண்டியவர், கல்லூரிக் கட்டணத்துக்கு இன்றே கடைசி நாள் என்று நிற்பவர், சோதனை மையம் தேடி அலைந்து நாலு கடை ஒப்பிட முடியுமா? முடியாது. அவசரம் கண்டால் கழிவு கூடும் என்பதும் உண்மை. அதனால்தான் அவசரத்தையும் விற்பனையையும் பிரிக்க வேண்டும் என்கிறேன். அன்றைக்குத் தேவையான தொகைக்கு மட்டும் வங்கியில் நகையை அடகு வைத்தால் சில வாரம் கிடைக்கும். அதற்கான வட்டி, மேலே கணக்கிட்ட 21,000 ரூபாய்க்குப் பக்கத்தில்கூட வராது. அதற்கும் வழியில்லாமல் அன்றே விற்றாக வேண்டியவர் ஒன்றை மட்டும் செய்யட்டும். தொகைக்குச் சம்மதிக்கும் முன், மொத்த எடை, நிகர எடை, டச், கிராம் விலை நான்கையும் ஒரு தாளில் தனித்தனியே எழுதித் தரச் சொல்ல வேண்டும். 'இத்தனை வருஷப் பழக்கம், அண்ணாச்சி நம்மை ஏமாற்றுவாரா' என்று தயங்குகிறவர்கள் உண்டு. ஏமாற்றாதவருக்கு அந்த நான்கு எண்களை எழுத ஒரு நிமிடம் போதும். எழுத மறுத்தால் நகையை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம். ஏற்கெனவே உருக்கியிருந்தாலும் அந்தக் கட்டி உங்களுடையதுதான்.