பல்லோர் விளையாட்டில் தலைமையை அளக்கும் முறை

முன்னுரை

ஆட்டம் முடிந்தபின் ஆடினோர் திறத்தை எண்ணால் குறித்தல் இக்காலத்து வழக்கு. சதுரங்கத்தில் இவ்வழக்கிற்கு அடிகோலியவர் அர்பாத் ஈலோ என்னும் இயற்பியற் பேராசிரியர். அவர் வகுத்த தரவெண் முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் மேற்கொண்டது. இருவர் எதிரெதிர் அமர்கின்றனர். வென்றவர் எண் ஏறுகின்றது. தோற்றவர் எண் இறங்குகின்றது. ஈண்டு ஐயத்திற்கு இடமில்லை. ஆனால் நூற்றுவரும் ஆயிரவரும் இணையவழி ஒருங்குகூடி அணிவகுத்து ஆடும் விளையாட்டுகள் இன்று பல்கியுள்ளன. அவற்றில் தான் முன்சென்று தாக்காது, பிறரை நடத்துதலையே தொழிலாகக் கொண்ட தலைவனின் திறத்தை எவ்வாறு எண்ணுவது?

இவ்வினா விளையாட்டினர்க்கே உரியதென்று தமிழாய்வோர் ஒதுக்கிவிடலாகாது. தலைமையை ஆராய்ந்து தெளிதல் திருக்குறள் விரித்துரைக்கும் பொருள். அன்றியும், ஆசிரியராகிய நாம் மாணாக்கர்க்கு நற்சான்று எழுதுகின்றோம். அப்படிவங்கள் சிலவற்றில் ‘தலைமைப் பண்பு’ என்றொரு கட்டம் உண்டு. ஐந்துக்கு எத்துணை என்று அதில் எண்ணிட வேண்டும். வகுப்பில் வாய்திறவாத மாணாக்கர் ஒருவர்க்கு யாம் அக்கட்டத்தில் இரண்டு என்று எழுதினோம். அவர் இணைய விளையாட்டொன்றில் நாற்பதின்மரை ஓராண்டு முழுதும் பிரியாமல் நடத்தி வந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம். அந்த எண் பிழையா என்னும் ஐயமே இக்கட்டுரைக்கு வித்து.

களியல் காட்டும் உண்மை

நாஞ்சில் நாட்டார்க்கு இச்சிக்கலை விளக்கக் களியலாட்டம் ஒன்றே போதும். குத்துவிளக்கை நடுவே ஏற்றிவைத்து, கைகளில் கோல் கொண்டு, ஆடுவோர் வட்டமாய்ச் சுற்றிவருவர். பாட்டை எடுத்துக்கொடுத்துத் தாளமிடுபவர் ஆசான். மெல்லெனத் தொடங்கும் ஆட்டம் படிப்படியே விரைவுபெறும். விரைவு மிகமிக ஒருவர் கோல் அடுத்தவர் கோலைத் தப்பாது சந்தித்தல் அரிதாகும். ஆசானோ கோல் அடிப்பதில்லை. அடித்த கோல்களை எண்ணித் தரவரிசை வகுப்போமாயின் அவர்க்குக் கிடைப்பது சுழியே. ஆயினும் அவர் தாளம் ஒருகால் தவறின் வட்டம் முழுதும் குலையும்.

இதனால் பெறப்படுவது யாது? ஆடுவோன் செயலின் தடம் அவன் கையில் உள்ளது. தலைவன் செயலின் தடமோ பிறர் கைகளில் உள்ளது. இவ்வேறுபாட்டை உணராது வகுக்கும் அளவை எதுவும் தலைமையை அளவாது.

இணைய விளையாட்டுகளிலும் இதுவே நிலை. 2021-இல் வெளிவந்த பி.ஜி.எம்.ஐ. என்னும் கைப்பேசி விளையாட்டில் நூற்றுவர் வரை ஒரு களத்தில் இறங்குவர். நால்வர் ஓரணியாதல் பெருவழக்கு. எங்கு இறங்குவது, எப்போது பதுங்குவது என்று சொல்பவனை இளைஞர் ‘ஐ.ஜி.எல்.’ என்று வழங்குவர். முடிவுப் பட்டியலில் முனைந்து நிற்பது வீழ்த்திய பகைவரின் எண்ணிக்கை. சொன்ன சொல்லுக்கு அங்கே இடமில்லை. ஐவர் அணியாடும் கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் டென்மார்க்கு நாட்டவரான ஃபின் ஆண்டர்சன் தலைமையில் ஃபேஸ் அணி 2022-இல் ஆண்ட்வெர்ப் நகரில் பெருந்தொடரை வென்றது. அவருடைய தனித் தரவெண்ணோ பெரும்பாலும் தம் அணித்தோழர் எண்ணுக்குக் கீழேயே நிற்பது. ஈவ் ஆன்லைன் என்னும் விண்வெளி விளையாட்டில் 2014 சனவரியில் நிகழ்ந்த ஒரு போர் ஏறத்தாழ 21 மணி நேரம் நீடித்தது. 7,500-க்கும் மேற்பட்டோர் அதில் பங்குகொண்டனர். அவ்விளையாட்டில் கப்பல் ஒன்று அழியுங்கால் எழும் பதிவில் தாக்கியோர் பெயர் காணப்படும். தம் பக்கத்துக் கப்பல்களைப் பழுதுநீக்கிக் காத்தோர் பெயர் காணப்படாது. காத்தோர்க்கே பதிவில்லையெனின், காக்குமாறு ஏவிய சொல்லுக்குப் பதிவு ஏது?

வழங்கிவரும் அளவைகள் மூன்று

இதுகாறும் கையாளப்பட்ட அளவைகளை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது வெற்றியளவை. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 2005-இல் புகுத்திய ட்ரூஸ்கில் முறை இவ்வகையது. அணியின் திறம் உறுப்பினர் திறங்களின் கூட்டுத்தொகை என்று கொண்டு, வெற்றி தோல்வியிலிருந்து ஒவ்வொருவர் திறத்தையும் அது மதிப்பிடுகின்றது. ஒருவன் பலதிறத் தோழருடன் மாறி மாறி ஆடுவானாயின், அவன் இருக்கும் அணிகள் எதிர்பார்த்ததினும் மிகுதியாக வெல்லுதல் காலப்போக்கில் புலப்படும்; அவன் தலைமையும் அவ்வெண்ணில் கலந்திருக்கும். ஆனால் என்றும் பிரியாத ஓரணியில் யாரால் வெற்றி வந்தது என்று பிரித்தறிய வெற்றி மட்டும் உதவாது. மேலும், நன்கு சுட்டமையும் நன்கு நடத்தினமையும் ஓரெண்ணுள் கரைந்துவிடுகின்றன.

இரண்டாவது பதவியளவை. 2003-இல் தொடங்கி 2016-இல் நிறுத்தப்பட்ட பிளானெட்சைடு விளையாட்டில், குழுத் தலைவராய் இருந்து தளங்களைக் கைப்பற்றியோர்க்குத் தனிப்புள்ளி வழங்கினர். அப்புள்ளியால் ஐந்து படிநிலைகள் ஏறலாம். தலைமைக்கெனத் தனியெண் வகுத்தமை பாராட்டற்குரியது. எனினும், தலைவன் என்னும் பெயர் தாங்கியவனுக்கும் உண்மையில் வழிநடத்தியவனுக்கும் அவ்வெண் வேற்றுமை காணவில்லை. பெயர் ஒருவர்க்கும் பணி மற்றொருவர்க்குமாக அமைதல் விளையாட்டில் மட்டும் நிகழ்வதன்று.

மூன்றாவது பாராட்டளவை. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 2017-இல் திருத்தியமைத்த முறையில், ஆட்டம் முடிந்தபின் அணித்தோழர் ஒருவரைப் பாராட்ட இயன்றது. அன்றைய பாராட்டு வகை மூன்றனுள் ஒன்று நன்கு வழிகாட்டியமையாக இருந்தது. ஓவர்வாட்ச் 2018-இல் கொணர்ந்த முறையிலும் வழிகாட்டுவோர்க்கெனத் தனிப் பாராட்டு இருந்தது. 2022-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் மூன்று வகைகளும் ஒன்றாக்கப்பட்டன. நடத்தப்பட்டோரையே வினவுதல் இம்முறையின் சிறப்பு. தலைவன் சொல்லைக் கேட்டவர் அவரே அன்றோ? ஆயின், வென்ற களிப்பில் எல்லாரும் நல்லவராய்த் தோன்றுவர். தோல்வியில் கடிந்து காத்தவன் பாராட்டுப் பெறான். இனிய சொல்லும் நல்ல சொல்லும் ஒன்றாய் எண்ணப்படுதல் இதன் குறை.

குறள் நெறி

திருவள்ளுவர் இணைய விளையாட்டைக் கண்டு கூறினார் என்பது எம் கருத்தன்று. அங்ஙனம் வலிந்து பொருள்கொள்ளுதல் ஆய்வாகாது. மாந்தரை மதிப்பிடும் நெறி என்னும் அளவில் ஒப்புநோக்கலாம். படைமாட்சி அதிகாரத்தின் இறுதிக் குறள் (770), நிலைத்த வீரர் பலர் இருப்பினும் தலைவர் இல்வழிப் படை இல்லை என்னும் கருத்தினது. வீரர்தம் எண்ணிக்கையில் தலைமை அடங்காது என்பது இதனால் விளங்கும். தெரிந்துதெளிதல் அதிகாரம் குணமும் குற்றமும் நாடி மிகுதி கொள்க என்றும் (504), பெருமை சிறுமைகளுக்கு அவரவர் செயலே உரைகல் என்றும் (505) கூறுகின்றது. தெரிந்துவினையாடலோ, இச்செயலை இக்கருவியால் இவன் முடிப்பான் என ஆய்ந்து அதனை அவன்பால் விடச் சொல்கின்றது (517). எல்லாச் செயற்கும் ஒருவனே தலைவன் என்னும் கொள்கைக்கு ஈண்டு இடமில்லை.

இக்காலத்து ஆராய்ச்சியும் இதனோடு ஒரு புடை ஒத்துச் செல்கின்றது. ரீவ்ஸ், மலோன், ஓ'டிரிஸ்கால் ஆகிய மூவர் 2008-இல் வெளியிட்ட கட்டுரையில், இவ்விளையாட்டுகளில் தலைமை நிலையான பதவியாக இராது, செயல்தோறும் கைமாறுகின்றது என்று காட்டினர்.

இவற்றால் யாம் துணியும் அளவைகள் மூன்று. ஒன்று, தலைவன் உள்ளபோதும் இல்லாதபோதும் பிறர் ஆடும் ஆட்டத்தை ஒப்பிட்டு, அவ்வேறுபாட்டை அவன் கணக்கில் எழுதுதல். இரண்டு, தோல்விக்குப் பின்னும் எத்துணையர் தாமே விரும்பி அவன்கீழ் மீண்டும் வந்தனர் என்று காணல். மூன்று, ஓரெண்ணால் முடித்துவிடாது, எச்செயலில் தலைவன் என்று வகைப்படுத்திக் கூறல். இவற்றுள் இரண்டாவதே வலியது என்பது எம் துணிபு. ஊதியமும் ஆணையும் இல்லாத விளையாட்டில் எவரும் எந்நேரமும் விலகிச் செல்லலாம். அங்ஙனமிருந்தும் தோற்றவர் திரும்பி வருவது தலைவன்பால் கொண்ட நம்பிக்கைக்குச் சான்று. நாட்சென்று எண்ணுவதால் வெற்றிக் களிப்பும் இவ்வளவையைத் திரிக்காது.

முடிவுரை

மேற்கூறிய மாணாக்கர்பால் மீள்வோம். அவர் பேசாமையை யாம் எண்ணினோம். அவரைச் சூழ்ந்து நின்றோரை எண்ணவில்லை. கோலடியை எண்ணி ஆசானுக்குச் சுழியிட்ட பிழையே அது. அந்நற்சான்று எம் கையை விட்டுச் சென்றுவிட்டது, இனித் திருத்தற்கியலாது. இனி எழுதும் சான்றுகளில் அக்கட்டத்தை நிரப்புமுன், அவரொடு பணிசெய்தோர் இருவர் மூவரையேனும் வினவி எழுதுவதென்று துணிந்துள்ளோம்.