எழுவரும் ஐவரும்

நம் ஊர்ப்புறத்தில் சடுகுடு ஆடக் கோடு கிழித்ததும் எழும் முதற் சச்சரவு, "யார் பாடிப் போவது?" என்பதுதான். "யார் மூலையில் நிற்பது?" என்று எவரும் சண்டையிட்டுக் கண்டதில்லை. பாடிப் போகிறவனுக்குத்தானே கைத்தட்டல்! ஆனால் ஒரு தொழில்முறைக் குழுவின் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தால் இந்த எண்ணம் மெல்ல மாறும். அப்படிப் படிக்கும் வழியை நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை. எடுத்துக்காட்டுக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோதே தலைநகருக்கென அமைந்த தபங் தில்லிக் குழு இருக்கிறது.

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு குழுவில் ஐம்பத்து மூன்று பேர். தாக்க வேறு பதினொருவர், தடுக்க வேறு பதினொருவர். ஒவ்வோர் இடத்துக்கும் முதல்வன் யார், அவனுக்கு அடுத்தவன் யார் என்று ஒரு வரிசைப் பட்டியலே வெளியிடுகிறார்கள். கபடியோ சிக்கனமான ஆட்டம். ஓர் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு பெயர். ஏழு பேர் களத்தில், ஐந்து பேர் வெளியே. அந்த எழுவரே தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும்.

எழுவர் நிற்கும் ஒழுங்கைப் பாருங்கள். இரு ஓரங்களிலும் இரண்டு கார்னர்கள், அவர்களுக்கு உட்புறமாக இரண்டு கவர்கள், இடையில் மூவர். இந்த மூவரே பெரும்பாலும் பாடிச் செல்கிறவர்கள். முப்பது விநாடிக்குள் வந்து தொட்டுத் திரும்ப முயல்கிறவனின் கணுக்காலையோ தொடையையோ கவ்வுவது கார்னரின் வேலை. அவன் நடுக்கோட்டை எட்டுமுன் வழியை அடைப்பது கவரின் வேலை. கார்னர் பிடித்து, கவர் ஒரு நொடி தாமதித்தால் இருவரும் வெளியேற வேண்டியதுதான். ஆகவே இவர்களை இணை இணையாகவே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். ஒரு குழு ஒரு புள்ளி தொட்டோ பிடித்தோ பெற்றால், வெளியே இருக்கும் அதன் ஆள் ஒருவர் உயிர் பெற்று உள்ளே வருவார். யார் வருவார்? நாம் விரும்புகிறவர் அல்லர். முதலில் வெளியேறியவரே முதலில் வருவார். தலைசிறந்த ரைடர் மூன்றாவதாகப் பிடிபட்டு உட்கார்ந்திருந்தால், அவர் திரும்ப மூன்று புள்ளிகள் வேண்டும். அவற்றை ஈட்டுவது யார்? பட்டியலில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் எழுதப்பட்ட பெயர்களே! முதல்வனின் ஆட்டம் இரண்டாமவன் கையில் இருக்கிறது.

தில்லி இந்தப் பாடத்தைத் துன்பப்பட்டே கற்றது. 2019 அக்டோபர் 19ஆம் நாள் அகமதாபாத்தில் இறுதி ஆட்டம். எதிரில் பெங்கால் வாரியர்ஸ். அவர்களுடைய தலைவரும் முதன்மை ரைடருமான மணீந்தர் சிங் காயத்தால் ஆடவில்லை. தில்லிக்கோ நவீன் குமார் என்னும் இளைஞர் இருந்தார். அவ்வாண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர் அவரே. அன்று அவர் ஒருவரே பதினெட்டுப் புள்ளிகள் எடுத்தார். இருந்தும் 39-34 என்று வென்றது பெங்கால். மணீந்தர் இல்லாத குறையை ஈரானியரான நபிபக்‌ஷ், சுகேஷ் ஹெக்டே, நம் தமிழ்நாட்டுப் பிரபஞ்சன் ஆகியோர் பகிர்ந்து நிரப்பினார்கள். தலைவன் இல்லாத குழு வென்றது; தனியொருவனின் வீரம் தோற்றது.

அடுத்த தொடர் 2021 டிசம்பரில் பெங்களூரில், பெருந்தொற்றின் காரணமாகப் பார்வையாளர் இல்லாத அரங்கில் தொடங்கியது. இம்முறை தில்லி தடுப்பு வரிசையில் பழுத்த அனுபவசாலிகளாக நிறுத்திற்று: இடது கார்னரில் குழுத் தலைவர் ஜோகிந்தர் நர்வால், கூடவே மஞ்சீத் சில்லர், சந்தீப் நர்வால், தமிழ்நாட்டின் ஜீவா குமார். "இது முதியோர் குழு" என்று கேலி செய்தவர்களும் உண்டு. அடியேனும் அக்கூட்டத்தில் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மஞ்சீத் 2019இல் தமிழ் தலைவாஸ் குழுவில் இருந்தவர். ராகுல் சௌத்ரி, அஜய் தாக்கூர் என்று பெயர்பெற்றவர்கள் பலரைச் சேர்த்தும் அக்குழு அவ்வாண்டு கடைசி இடத்தில் முடிந்தது. பெரிய பெயர்களை அடுக்கினால் மட்டும் வரிசை ஆகிவிடாது போலும்.

தொடரின் நடுவே நவீனுக்குக் காயம். சில ஆட்டங்கள் அவர் இல்லாமலே நடந்தன. அப்போது விஜய் மாலிக்கும், இளையவரான ஆஷு மாலிக்கும் முன்வந்து சுமந்தார்கள். நவீன் திரும்பினார், ஆனால் விஜய் பின்னுக்குப் போகவில்லை. 2022 பிப்ரவரி 25இல் பாட்னா பைரேட்ஸோடு இறுதி ஆட்டம். இடைவேளையில் பாட்னாவே இரண்டு புள்ளி முன்னே. முடிவில் தில்லி 37, பாட்னா 36! நவீன் எடுத்தவை பதின்மூன்று. விஜய் எடுத்தவை பதினான்கு. தில்லியின் முதற் கோப்பை அது.

கதை அங்கேயும் நிற்கவில்லை. 2023-24 தொடரில் நவீன் மறுபடி காயமுற்று விலகினார். ஆஷு மாலிக் தலைமையும் ஏற்றார், முதன்மை ரைடராகவும் ஆனார். அத்தொடரின் சிறந்த ரைடர் விருது அவருக்கே கிடைத்தது. 2025 ஏலத்தில் நவீன் ஹரியானாக் குழுவுக்குப் போய்விட்டார். தில்லி கலங்கியதாகத் தெரியவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 31இல், நம்மவர்கள் காய்கறி வாங்கப் போகும் ஐ.என்.ஏ. சந்தைக்கு அருகிலுள்ள தியாகராஜ் விளையாட்டரங்கில், புனேரி பல்டனை 31-28 என்று வென்று இரண்டாம் கோப்பையைப் பெற்றது. தலைவர் ஆஷு மாலிக். ரைடர் வரிசையில் நீரஜ் நர்வாலும், முன்பு தலைவாஸில் ஆடிய அஜிங்கியா பவாரும். இடது கார்னரில் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி. ஓரத்தில் நின்று பட்டியலை எழுதித் தந்த பயிற்சியாளர், 2022இல் அதே இடது கார்னரில் நின்ற ஜோகிந்தர் நர்வால்.