ட்ரில் குறியைப் படிப்பது எப்படி?

மேற்கத்திய இசைக் குறிப்பில் ஒரு ஸ்வரத்தின் தலைமேல் 'டி', 'ஆர்' (tr) என்ற இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகள் சாய்வாக அச்சாகியிருந்தால் அது ட்ரில். எழுதியுள்ள ஸ்வரத்தையும் ஸ்கேலில் அதற்கு அடுத்து மேலே உள்ளதையும் மாற்றி மாற்றி வேகமாக வாசிக்க வேண்டும். சி மேஜரில் 'இ' மேல் ட்ரில் வந்தால் துணை ஸ்வரம் எஃப். ஜி மேஜரில் அதே 'இ'க்கு எஃப் ஷார்ப். ஸ்கேலில் இல்லாத ஸ்வரம் வேண்டுமானால் குறியோடு ஷார்ப்போ ஃபிளாட்டோ சேர்த்திருப்பார்கள்.

இதெல்லாம் சட்டென்று பிடிபட்டுவிடும். எந்த ஸ்வரத்தில் தொடங்குவது என்பதில்தான் நுட்பமே இருக்கிறது. ஒன்பது வயது மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமானுக்காக 1720-இல் தொடங்கிய பயிற்சி நோட்டில் ஜே.எஸ். பாஹ் ஓர் அட்டவணை எழுதினார். சி-யின் மேல் வரும் ட்ரில்லை டி-சி-டி-சி என்று மேல் ஸ்வரத்திலிருந்தே அதில் பிரித்துக் காட்டியிருக்கிறார். இதற்குக் காரணம் உண்டு. பாஹ் காலத்துப் பரோக் இசையில் ட்ரில் அதிகம் வருவது ஒரு வரி முடியப்போகும் இடத்தில். சி மேஜரில் கடைசி 'சி'க்கு முன்னால் 'டி' மேல் ட்ரில். அடியில் ஜி, பி, டி சேர்ந்த கார்டு. 'இ' அந்தக் கார்டுக்கு அந்நியம். தாள அடியிலேயே அதை அழுத்தி ஒரு கணம் நின்றால், காது 'டி'க்கு ஏங்கும். டி-யிலேயே தொடங்கிவிட்டால் வேகம் இருக்கும். அந்த ஏக்கம் இருக்காது. என்னைக் கேட்டால், பாஹ் வாசிக்கும்போது இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

பிறகு வழக்கம் மாறியது. 1828-இல் வெளியான, இசையமைப்பாளர் ஹும்மெலின் பியானோ பாடநூல், எழுதிய ஸ்வரத்திலேயே தொடங்கச் சொல்கிறது. ஆகவே குறியைப் பார்த்ததும் இசையமைப்பாளரின் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவில் பெரும்பாலும் ஒரு சின்னத் திருப்பம் உண்டு: டி-யில் ட்ரில் என்றால் கடைசியில் சி, டி என்று கீழே தொட்டு ஏறி, அடுத்த ஸ்வரத்தில் இறங்குவது. சிலர் இதைச் சிறு ஸ்வரங்களாக எழுதிவிடுவார்கள். எழுதாவிட்டாலும் பல இடங்களில் வாசிப்பது மரபு.

பியானோவில் விரல்களை உயரத் தூக்க வேண்டாம்; கட்டைமேலேயே இருக்கட்டும். வயலினில் கீழ் விரல் தந்தியை அழுத்தியபடி அசையாமல் நிற்க, மேல் விரல் மட்டும் தட்டி எழும். முதலில் ஒரு அடிக்கு நான்கு ஸ்வரம் என்று எண்ணி வாசியுங்கள். மணிக்கட்டு இறுகத் தொடங்கினால் உடனே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.